முக்கை ஒட்டிய கேட்

தலைச்சோலை ரோடு மெயின் ரோட்டில் வந்து சேரும் முக்குக்குப் பத்தடி தள்ளி எங்கள் எஸ்டேட்டுக்குப் புது கேட் வைத்தோம். எண்பதுகளின் நடுவில் இருக்கும். ஈசானிய மூலையில்தான் வாசல் இருக்க வேண்டும் என்று சேலத்திலிருந்து வந்த வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். ரோடு மேஸ்திரி மட்டும், முக்கை ஒட்டி வாசல் வேண்டாம், நூறடியாவது தள்ளிப் போங்கள் என்று கெஞ்சினார். அவரை விரட்டியது நான்தான். நான் எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவன். முதலாளி வாய் திறக்கும் முன்பே தலையாட்டுகிற ரகம். கேட்டுக்கு முளைக்குச்சி அடித்ததும் நானே.

அந்தக் காலத்து ஜீப்பில் இண்டிகேட்டர் எரிந்தால் அதிசயம். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையை வெளியே நீட்ட வேண்டும். அந்த முன் சீட் எனக்குத்தான். அதில் எனக்கு நொம்பப் பெருமை வேறு, தூ.

ஒரு நாள் காலை ஏற்காடு டவுனிலிருந்து திரும்பினோம். கேட் வருகிறதே என்று முக்குக்கு முன்பே கையை நீட்டினேன். முக்கைத் தாண்டி நீட்ட எங்கே இடம் இருக்கிறது? தலைச்சோலை ரோட்டில் ஒருவர் மொபெட்டோடு நின்றிருந்தார். எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் ஏறி மிளகு பறிப்பவர். ஜீப் அந்த ரோட்டுக்குள்தான் திரும்பப் போகிறது என்று நினைத்து மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டார். ஜீப் நேராக வந்தது. முழங்காலுக்குக் கீழே வலது கால் போயிற்று. மரம் ஏறிப் பிழைக்கிறவருக்குக் கால் போனால் அப்புறம் என்ன பிழைப்பு?

பார்க்காமல் குறுக்கே வந்தார் என்று போலீசில் எழுதிக் கொடுத்தேன். இளைத்தவன் தலையில்தானே எல்லாம் விடியும். முதலாளி கேட்டருகே பூசணிக்காய் உடைத்தார். சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தார். கேட்டை ஓர் அடி நகர்த்தவில்லை. அடுத்த மாதம் அதற்கு பெயின்ட் அடித்தார்கள்.

ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையில், அவர் போலீசில் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். பார்த்து வரக்கூடாதா என்று அவரிடமே கேட்டேன். வெட்கங்கெட்ட வாய்.

"பாத்தனுங்க," என்றார். "நீங்க கை காட்டுனதப் பாத்துப்போட்டுத்தானுங்க வந்தேன். வேற ஆராச்சும்னா நின்னுருப்பனுங்க. நம்ம ரைட்டராச்சேன்னு வந்துட்டனுங்க."

குரலில் கோபம்கூட இல்லை. வாங்கிப் போன ரொட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். போலீசில் எழுதிக் கொடுத்ததை மாற்றவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.