பச்சை வயரில் வைத்த பொறி

நான் செய்த ஆம்ப்ளிஃபயரை யாராவது திறந்து பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு எப்போதும் பயம். என் பன்னிரண்டு வருட உழைப்பை ஒருத்தன் பத்து நிமிடத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவான் என்ற நினைப்பே ஆகாது. அந்தப் பயத்தில் செய்யக்கூடாத ஒரு வேலையைச் செய்தேன். அதில் என் மனைவியின் தம்பி, பச்சைப் பிள்ளைக்காரன், செத்துப் பிழைத்தான். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

அன்னவாசலில் இலுப்பூர் போகிற ரோட்டோரம் ஒரு தகர ஷெட்தான் என் பட்டறை. அங்கே விலைக்கு வாங்கிய சாமான் குறைவு. ஆம்ப்ளிஃபயருக்குப் பெட்டி, பழைய ஃபிரிட்ஜின் கதவுத் தகரம். சூடு இறங்க, ஜன்னல் வேலை செய்கிறவர் வெட்டிப்போட்ட அலுமினியத் துண்டுகள். தூக்குவதற்குக் கைப்பிடி, சைக்கிள் கேரியர் கம்பி. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்ற ஒரு சைக்கிள் சக்கரத்தை மேசையில் மாட்டி, சுற்றை எண்ண ஒரு கால்குலேட்டரை வைத்திருந்தேன். ஒன்று கூட்டல் ஒன்று என்று அழுத்திவிட்டு, சமக்குறிப் பட்டனிலிருந்து இரண்டு வயரைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோய் ஒரு காந்த சுவிட்சில் சேர்த்துவிட்டால் போதும். சக்கரம் ஒரு சுற்று வந்தால் கால்குலேட்டரில் ஒன்று கூடும். இதை நானே யோசித்துச் செய்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

சர்க்யூட் போர்டும் வீட்டுத் தயாரிப்புதான். செப்புத் தகட்டில் நெயில் பாலிஷால் கோடு வரைந்து மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டால், கோடு போட்ட இடம் தவிர மற்ற செம்பெல்லாம் கரைந்துவிடும். மாதம் நாலு பாட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்குவேன். ஃபேன்சி ஸ்டோர்க்கார அம்மா ஒரு நாள், "அக்காவுக்கு நகமெல்லாம் எத்தனைங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அம்மா எதற்காகக் கணக்கெடுக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி.

ஆனால் என் செட்டின் அடிச்சத்தம், பேஸ் என்பார்களே, அது இருக்கிறதே, அதைக் கேட்டவர்கள் வேறு செட்டுக்குப் போகமாட்டார்கள். காது வலிக்காது, நெஞ்சுக்குள் வந்து உட்காரும். கட்டுமாவடியிலிருந்துகூட ஆள் வந்து செய்து வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் காப்பாற்ற, எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதை நானும் செய்வேன். ஐ.சி. என்கிற சில்லின் முதுகில் அச்சடித்திருக்கும் நம்பரை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுவேன். திறந்து பார்க்கிறவன் தலையைச் சொறிந்துகொண்டு போக வேண்டியதுதான்.

அப்படியிருக்க, போன வருடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக ஒருவர் கடை போட்டார். அவருடைய செட்டை ஒரு கல்யாணத்தில் கேட்டேன். அதே சத்தம். நெஞ்சுக்குள் அதே மாதிரி வந்து உட்கார்ந்தது. பந்தியில் இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

யார் சொல்லியிருப்பார்கள்? முதலில் வீட்டில் கேட்டேன். "நீ யாருகிட்டயாவது நான் வேல செய்யிறதப் பத்திச் சொன்னியா?"

"என்னத்தச் சொல்ல?" என்றாள் என் மனைவி. "எனக்கு அது ஒரு பெட்டி. கத்துது. அம்புட்டுத்தேன் தெரியும்."

அவள் இல்லையென்றால் பாக்கி ஒரே ஒரு ஆள்தான். அவளுடைய தம்பி. ஆறு வருடமாக என்னோடு இருந்தான். வளைகுடாவில் ஒரு குடோனில் மூட்டை அடுக்கிவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவன். பட்டறையில் உட்கார்ந்து செய்வது நான். செட்டைக் கொண்டுபோய்க் கட்டுவது, வாங்கினவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பது எல்லாம் அவன். என் வாய்க்கு யாரும் இரண்டு தடவை கடைக்கு வரமாட்டார்கள், அவன் முகத்துக்காகத்தான் வந்தார்கள். இது எனக்கே தெரியும்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு முறை முளைத்துவிட்டால் சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளே வேண்டாம். அவன் அந்தப் புதுக்கடைக்காரரோடு டீ குடித்ததை இரண்டு தடவை பார்த்தேன். என்னைக் கண்டதும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். ஒரு நாள் நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மேசையில் திறந்து கிடந்த போர்டைச் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். "என்ன மாப்ள?" என்றேன். "ஒண்ணுமில்ல மச்சான், சும்மாத்தேன்" என்றான். சும்மா எடுப்பதற்கு அது என்ன அவன் மகளின் காதுகுத்தா?

அதற்கு மேல் ஒரு நாள் ஷெட்டுக்குப் பின்னால் நின்று போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் தகரத்தோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். "மச்சானுக்குத் தெரியாமச் செய்யணும்ங்க. தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றான்.

அடப்பாவி, வேலியே பயிரை மேய்கிறதே என்று நினைத்தேன். அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் எனக்குக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் அக்கா முன்னால், நாலு பேர் முன்னால், அவன் திருட்டு முழி முழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கரண்ட் வருகிற வயர் சிவப்பு, எர்த் வயர் பச்சை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அடுத்ததாகச் செய்த ஆம்ப்ளிஃபயரில் நான் அதை மாற்றிப் போட்டேன். பச்சையில் கரண்ட், சிவப்பில் எர்த். மூடி வைத்திருக்கிறவரை ஒரு பழுதும் வராது. திறந்து நிறத்தை நம்பி எவன் கை வைக்கிறானோ அவன் மாட்டுவான். ஃபியூஸ் போகும், புகை வரும், பாதி விசேஷத்தில் செட்டு நிற்கும், அவன் விழிப்பான். அவ்வளவுதான் நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் கரண்டோடு பழகினவன் நான். அதற்கு மேலும் நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நினைக்காமல் இருந்துகொண்டேன்.

அந்தச் செட்டை ஆவூர் பக்கம் ஒரு காதுகுத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போகச் சொன்னேன். எனக்கு இலுப்பூரில் வேலை இருக்கிறது, வர முடியாது என்று பொய் சொன்னேன். அவன் வேனில் போன கொஞ்ச நேரத்தில் மொபெட்டை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

விசேஷ வீட்டில் பந்தலுக்குப் பின்பக்கம்தான் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே சமையல் பாத்திரம் கழுவி, தரையெல்லாம் சகதி. எதிரே ஒரு டிராக்டர் நின்றது. நான் அதன் டயருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஐம்பது வயதை நெருங்குகிற மனுஷன் கல்யாணப் பெண்ணை எட்டிப் பார்க்கிற சின்னப்பையன் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. அப்புறம் அவன் பாட்டை நிறுத்தினான். பிளக்கைப் பிடுங்கினான். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, மூடியைத் திறந்தான். செல்போனை எடுத்து உள்ளே காட்டிக்கொண்டே யாரோடோ பேசினான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சிக்கினாயா மகனே என்று தொடையைத் தட்டிக்கொண்டேன்.

அவன் ஒரு மொத்தமான வயரை எடுத்தான். ஒரு முனையைப் பச்சை வயரோடு முறுக்கினான். மறுமுனையைப் பெட்டியின் உடம்பில் ஒரு போல்டுக்கு அடியில் வைத்து இறுக்கினான். காப்பியடிக்கிறவன் எதற்காக வயரைக் கூட்டுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. இனி பிளக்கை மாட்டினால் அந்தத் தகரப் பெட்டி முழுவதும் கரண்ட் பாயும். பெட்டிக்கு எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போய்த் தொலையும். பந்தலுக்கு இழுத்த இரண்டு கம்பி லைனில் எர்த் எங்கே இருக்கும்? அவன் காலில் செருப்பும் இல்லை.

கத்தியிருக்க வேண்டும். "தொடாத மாப்ள" என்று இரண்டே வார்த்தை. வாய்வரை வந்தது. கத்தினால் நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்று கேட்பானே, நான் வைத்த பொறி வெளியே வந்துவிடுமே என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். அவன் மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் முடுக்குகிறவரை யோசித்துக்கொண்டே நின்றேன்.

பிளக்கை மாட்டினான். பெட்டியைக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கைப்பிடியைப் பிடித்தான். பிடித்த கை விடவில்லை. அவன் கத்தவில்லை, ஒரு மாதிரி உறுமினான். உடம்பு வில்லாக வளைந்து சகதியில் விழுந்தது, கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது. நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. வயரோடு பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். "மாப்ள, மாப்ள" என்று அவன் நெஞ்சில் குத்தினேன். பந்தலே திரண்டு ஓடி வந்தது. மூச்சு வந்தபோது நான்தான் முதலில் அழுதேன்.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளங்கை வெந்துபோயிருந்தது. நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்று விரல்களுக்கு உணர்ச்சி திரும்புமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார். என் மனைவி எல்லோர் முன்னாலும் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எந்தம்பி உசுரக் காப்பாத்துன சாமி நீங்க" என்றாள். அவனுடைய பெண்டாட்டி கைக்குழந்தையோடு என் காலில் விழப்போனாள். நான் விலகிப் போய்ச் சுவரோரம் நின்றேன். அந்தக் கூச்சம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

மறுநாள் காலையில் புதுக்கடைக்காரர் வந்தார். பிரெட்டும் பழமும் வாங்கி வந்திருந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவருடைய முகம் வெளிறிப்போனது.

"எம்மேலதாங்க தப்பு," என்றார். "ஒங்க செட்டுல உம்முனு ஒரு எரைச்சல் வருதுன்னு மூணு நாலு வீட்டுல இவருகிட்டச் சொல்லியிருக்காங்க. ஒங்ககிட்டச் சொன்னாக் கோவப்படுவீங்க, மனசு ஒடஞ்சிருவீங்கன்னு எங்கிட்ட வந்து கேட்டாரு. ரெண்டு மாசமா போட்டோ எடுத்து அனுப்புவாரு. எர்த்து சரியாச் சேரல, பச்சை வயரையும் பாடியையும் ஒரு மொத்தமான வயரால சேத்துருங்கன்னு நான்தான் சொன்னேன். எப்புடி இப்புடி ஆச்சுன்னே வெளங்கலங்க."

அந்த நிலையிலும் என் வாய் கேட்டுவிட்டது: "அப்ப ஒங்க செட்டுச் சத்தம்?"

"அதுங்களா? இன்டர்நெட்டுல சும்மா கெடக்குற சர்க்யூட்டுதானுங்க" என்றார் அவர்.

நானும் அதை எங்கோ ஒரு பழைய வெளிநாட்டு செட்டைத் திறந்து பார்த்து எழுதிக்கொண்டவன்தான். அதை இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்கு அந்த வராந்தாவில் எனக்குத் தெரிந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இங்கே கேடு நினைத்தவன் நான், கெட்டது அவன் கை.

உள்ளே போனேன். அவன் கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தான். அக்காக்காரி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

"வாங்க மச்சான். நான்தேன் ஏதோ தப்பா மாட்டிட்டேன். நீங்க மட்டும் இல்லைன்னா இந்நேரம் என்னையத் தூக்கியிருப்பாங்க."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் கேட்டான்.

"ஆமா, நீங்க இலுப்பூருக்குத்தானே போறேன்னீங்க? எப்புடி அம்புட்டு வெரசா வந்தீங்க?"

என் மனைவி ஆரஞ்சுச் சுளையை நீட்டியபடி என்னைப் பார்த்தாள். பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. ஆவூரில் வேறு ஒரு வேலை வந்தது, அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் இரண்டு பேரும் நம்பியிருப்பார்கள். அவனுடைய அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"டிராக்டருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன் மாப்ள. பச்சையில கரண்டு விட்டு வச்சவன் நான்தான்."

"யாருக்கு வச்சீங்க?"

"ஒனக்குத்தான்."

அவன் சத்தம் போடவில்லை. கை நீட்டவில்லை. "எம்புட்டு நேரமா நின்னீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"நீ மூடியத் தெறந்ததுலருந்து."

அவன் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"அக்கா, மச்சான வீட்டுக்குப் போகச் சொல்லு," என்றான். "எனக்குத் தூக்கம் வருது."

அப்போது காலை பதினொரு மணி.