டிக் விழுந்த சேலை

ஆரணியில் பட்டுச் சேலையைச் சரிபார்ப்பவர்கள் நல்ல சேலைக்கு அடையாளம் வைப்பதில்லை. இழை விட்ட இடம், கறை பட்ட இடம் என்று குறை உள்ள இடத்தில்தான் ஒரு துண்டு நூலைக் கட்டுவார்கள். அடையாளம் என்றாலே பழுது.

எங்கள் முதலாளி புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினார். இனி நூல் வேண்டாம், திரையில் டிக் போட்டால் போதும் என்றார். ஒவ்வொரு சேலை எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டம். தொட்டால் டிக் விழும். எதற்கான டிக் என்று ஒரு வார்த்தை கிடையாது. எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்ன?

கணினி வேலை என்னுடையது. அன்று பல்வலி, மதியம்தான் கடைக்குப் போனேன். போளூரில் மறுநாள் முகூர்த்தம். அந்தக் கல்யாணப் பெண்ணுக்காக தறியில் ஒரே பாவு நூலில் நெய்த இரண்டு அரக்குச் சேலைகள் காலையில் வந்திருந்தன. நல்லதாக ஒன்றை அனுப்ப வேண்டும். சேலை பார்க்கும் அக்கா இரண்டையும் விரித்துப் பார்த்து, முந்தானையில் கிழிசல் இருந்ததற்கு டிக் போட்டிருக்கிறார். டிக் விழுந்ததுதான் நல்லது என்று நினைத்து, அதைப் பேக்கிங்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நல்ல சேலை அலமாரியில் இருந்தது.

டிக்கை எடுக்கப் பார்த்தேன். கட்டம் சாம்பல் நிறமாகி மரத்துப்போயிருந்தது. எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. எடுத்தால் மட்டும் பஸ் திரும்பி வந்துவிடுமா? ஆத்திரம் தாங்காமல் மென்பொருள்காரர்களைக் கூப்பிட்டேன்.

"டிக்னா ஓகேன்னு அர்த்தம் மேடம். உலகம் பூரா அப்படித்தான்."

ஆரணி உலகத்தில் இல்லை போலிருக்கிறது.

"சொல்லிடும்மா, வேற அனுப்பலாம்," என்றார் அக்கா. அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுப் பெண்ணின் அம்மாவை அழைத்தேன்.

"வந்துச்சிம்மா! மடிப்பு பிரிக்கல. மஞ்ச குங்குமம் வெச்சி சாமி படத்தாண்ட வெச்சிட்டோம். பொண்ணு தொட்டுத் தொட்டுப் பாத்துகினு கீறா."

"வேற ஒண்ணு மாத்திக் குடுக்கட்டுங்களா?"

"மஞ்ச வெச்ச பொடவைய மாத்துவாங்களாம்மா? ஏன், எதுனா கொறையா?"

தாலி ஏறும்போது உடுத்தப்போகும் சேலையில் கிழிசல் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் ஆயுசுக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட இதைத்தான் நினைப்பார்கள். சொல்லாவிட்டால் நாளை மணவறையில் ஊரே பார்க்கும். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இல்லீங்க, சும்மாதான் கேட்டேன்."

"பொடவ பாத்து அனுப்பனவங்களுக்கு நான் கும்புட்டேன்னு சொல்லும்மா. நல்ல மனசுக்காரங்க, நல்ல கை."

அக்கா தன் கைகள் இரண்டையும் முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.