பதினோராவது பெயர்

பந்திலிருந்து ரப்பர் பால் வாடை வரும்.

உள்ளே இருக்கும் பிளாடர் கிழியக் கிழிய, ரப்பர் பால் சேர்த்து வைக்கும் ஸ்டோரிலிருந்து கொஞ்சம் பாலை வாங்கி வந்து தடவி ஒட்டுவோம். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் புதுப் பந்துக்கு எங்கே போவது? தலையால் முட்டினால் குளிக்கும் வரைக்கும் அந்த வாடை நெற்றியை விட்டுப் போகாது. நான் அதிகம் முட்டியதில்லை. பந்து வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிற ஆள் நான்...

போன வாரம் நம் குரூப்பில் ஒரு தம்பி பழைய போட்டோ ஒன்றைப் போட்டிருந்தார். பகாவ் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட் டீம், யுத்தத்துக்கு முன்னால் கோப்பையோடு எடுத்தது. "இவ்ளோ நல்ல டீம், ஜப்பான்காரன் வந்ததும் ஏன் அப்படி விழுந்துச்சு?" என்று கேட்டிருந்தார்.

கீழே ஆளுக்கொரு பதில். "சாப்பாடே இல்ல, எப்படி ஆடுவாங்க?" "பூட்ஸ் இல்லலா."

எதிர் டீம்காரனும் அதே மரவள்ளிக்கிழங்கைத்தான் தின்றான். அவனுக்கும் பூட்ஸ் இல்லை. காரணம் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். எண்பத்தொன்பது வயதாகிறது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் செய்கிறாள்.

எங்கள் டீமுக்குக் கமிட்டி என்று ஒன்று பேருக்கு இருந்தது. ஆபீஸ் வேலை பார்க்கும் கிராணியும், ஆட்களை மேய்க்கும் மண்டோரும் அதில் பெரிய தலைகள். மண்டோர் என் அக்காவைக் கட்டியவர், எனக்கு மச்சான். கோல் கம்பம் நடுவதும் இடைவேளைக்கு எலுமிச்சைத் தண்ணீர் கலக்குவதும்தான் கமிட்டியின் வேலை. யார் ஆடுவது என்பதைக் கேப்டன் கருப்பையா அண்ணன் மட்டும்தான் முடிவு செய்வார். கிராணி மருமகனையே ஒருமுறை வெளியே உட்கார வைத்தார். கிராணி வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தோமே!

ஜெயிக்க வைத்தவர் வேலு அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தனி ஆள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, மத்தியானம் தூங்கிவிட்டு, சாயங்காலம் திடலில் இறங்கினால் எதிர் டீமில் இரண்டு பேர் அவரைச் சுற்றியே நிற்பார்கள். அப்படியும் கோல் போடுவார்.

வெள்ளைக்கார துரை ஓடிப்போனதும் பங்களாவுக்கு ஒரு ஜப்பான்காரன் வந்தான். அவனுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். அதே சமயத்தில்தான் சயாமில் ரயில் ரோடு போட எஸ்டேட் எஸ்டேட்டாக ஆள் பிடித்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. இவன் ஒரு நாள் சொல்லிவிட்டான்: பந்து ஆடும் பதினொரு பேரைச் சயாமுக்கு எடுக்க வேண்டாம்.

அன்றோடு எங்கள் டீம் செத்தது. அன்று யாருக்கும் அது தெரியவில்லை.

எலுமிச்சைத் தண்ணீர் கலக்கிய கமிட்டிக்கு ஒரே நாளில் கொம்பு முளைத்தது. கிராணி ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். கூட்டம் போட்டால் நாற்காலி பறக்கும். கடைசியில் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கிராணி பக்கம் ஐந்து, மண்டோர் பக்கம் ஐந்து. ஒற்றைக் கண் தெரியாத மருமகன் வலது விங் ஆனார். மூச்சிரைப்புக்காரர் ஒருவர் கோல் கீப்பர்.

மிச்சம் ஒரே ஓர் இடம். மச்சானின் ஐந்து இடமும் அவர் பங்காளிகளுக்கே சரியாகப் போய்விட்டது, அதில் நான் இல்லை.

"வேலுவ மட்டும் விட்ருங்கய்யா. மத்தபடி யார வேணும்னாலும் போட்டுக்குங்க," என்று கருப்பையா அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாராம். அக்கா மச்சான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு இருக்கறது ஒரே தம்பிங்க."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அக்கா அழுததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். எழுந்து போய் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. பயம்.

மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் இரண்டு லிஸ்டு படித்தார்கள். முதலில் டீம். பதினோராவதாக என் பெயர். அடுத்தது சயாம். அதில் மூன்றாவதாக வேலு அண்ணன்.

அவர் லயத்து வீட்டுக்குப் போய்த் தன் பழைய பூட்ஸை எடுத்து வந்தார். எஸ்டேட்டில் மிச்சமிருந்த ஒரே ஜோடி அது. என் கையில் வைத்தார்.

"அங்க கல்லுலயும் சேத்துலயும் போட்டா வீணாப் போயிரும்டா. நீ வச்சுக்க. பந்து வந்தா கண்ண மட்டும் மூடாத."

கெமாஸ் ஸ்டேஷனுக்கு லாரி கிளம்பியது. நான் பூட்ஸோடு நின்றேன்.

முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம். கோல் வாசலில் நல்ல பந்து ஒன்று என்னிடம் வந்தது. கண்ணை மூடினேன். ஜப்பான்காரன் முதலில் சிரித்தான். மூன்றாவது ஆட்டத்துக்கு அவன் வரவே இல்லை. கொஞ்ச நாளில் திடலிலும் மரவள்ளி நட்டார்கள்.

இப்போது பேரன் டிவி முன்னால் உட்கார்ந்து கத்துகிறான். "கமிட்டி சரியில்ல தாத்தா, அதான் டீம் நாசமாப் போச்சு!" அவனுக்குப் பிடித்த கிளப் தோற்றால் அன்று சாப்பிட மாட்டான். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் கமிட்டியைத் திட்ட எனக்கு வாய் வராது. அந்தப் பதினொரு பேரும் சயாமுக்குப் போகவில்லை. கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று வாழ்ந்தோம்; மற்ற பத்துப் பேரும் வயதாகித்தான் போனார்கள். இந்தப் பேரன் சத்தம் போட இருப்பதே அதனால்தான்.

போட்டோவுக்குக் கீழே மறுபடியும் பார்த்தேன். "இது எங்க தாத்தா", "இது எங்க பெரியப்பா" என்று ஆளாளுக்கு அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் பந்தோடு உட்கார்ந்திருப்பவரை மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. சொந்தம் என்று சொல்ல அவருக்கு யார் இருக்கிறார்கள்?

தம்பி, அவர் பெயர் வேலு. அவர் இடத்தில் ஆடியவன் நான்.