மரம் இல்லாத படம்

அந்தக் கிழவர் மனிதரை வரைந்ததே இல்லை. பிரான்சில் பிறந்து, ஒரு ஜெர்மன்காரியைக் கட்டி டுசல்டோர்ஃபுக்கு வந்து, ஐம்பது வருடமாக ரைன் ஆற்றங்கரையை மட்டுமே வரைந்தவர். படங்களில் பாதி பல் டாக்டர்களின் காத்திருப்பு அறைகளில் தொங்குகின்றன என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவி இறந்தபின், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமைகளில் அவரைச் சக்கர நாற்காலியில் ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை.

கரையில் ஏழு பொப்லர் மரங்கள் நின்றன. அவற்றுக்காகத்தான் அவர் அந்தப் படத்தைத் தொடங்கினார். முதலில் வானம், பிறகு தண்ணீர், இரண்டும் காய்ந்தபின் கடைசியாக மரம் என்பது அவருடைய ஒழுங்கு. கை நடுங்கும். ஒரு செவ்வாயில் ஓர் உள்ளங்கை அகலம் முடிந்தாலே பெரிய விஷயம். "மரங்கள் எங்கேயும் ஓடிப்போகாது" என்பார்.

ஒக்டோபரில் பாதையோரக் கம்பத்தில் அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. கரையை உயர்த்தப்போகிறார்களாம், மூன்று கிழமையில் மரங்களை வெட்டிவிடுவார்களாம். அவருக்குத் தூரத்து எழுத்துத் தெரியாது. நான் நாற்காலியை அதற்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தேன்.

"அந்தாளிட்டைச் சொல்லிப்போடும்" என்றார் வீட்டில் என் கணவர்.

"சொன்னா மனுசன் தாங்காது" என்றேன்.

கெட்ட செய்தியை மறைப்பதில் எங்கள் குடும்பத்தை அடிக்க ஆளில்லை. அண்ணா செத்தபிறகும், யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவிடம் போனில் "அண்ணா கனடாவில சுகமா இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அம்மா கண்மூடும்வரை அப்படித்தான் சொன்னேன். அதைப் பாசம் என்றே நினைத்திருந்தேன்.

நான்காம் செவ்வாய் போனபோது ஏழு அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும். மூன்று கிழமையாக."

"சொல்லியிருந்தால் மரத்தை முதலில் வரைந்திருப்பேன்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஞாபகத்தில் வரையலாமே" என்றேன், புத்தி கெட்டுப்போய். அவர் வானமும் தண்ணீரும் மட்டும் இருந்த படத்தின் கீழ்மூலையில் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாளே தன்னைக் கவனிக்க வேறு ஆள் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டார்.

ஜனவரியில் இறந்தார். படத்தை இல்லத்தின் நடையில் மாட்டியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள், என்ன அமைதியான படம் என்கிறார்கள். நான் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு தினமும் அதைக் கடக்கவேண்டியிருக்கிறது.

அண்ணாவுக்குப் பிறகு அம்மா எத்தனை வருடம் இருந்தார் என்று அதன் முன்னால் நின்றுதான் முதல்முறை எண்ணிப்பார்த்தேன். ஆறு. பெற்ற பிள்ளைக்காக அழ அம்மாவுக்கு இருந்த ஆறு வருடத்தையும் நான்தான் எடுத்துக்கொண்டேன்.