ரிஜெக்ட் டின்னில் மூன்று முதலைகள்

ஒரு கார்டை நீட்டினால் ஷீலா முதலில் அதன் படத்தைக் கட்டைவிரலால் மூடிவிடுவாள்.

"படத்தப் பாத்தா மனசு எறங்கிரும்லா. எனக்கு நம்பர் போதும்" என்பாள்.

மலேசியாவின் கூலிம் தொழிற்பேட்டையில் கணினிச் சிப்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. நுண்ணோக்கி வழியாகப் பார்த்து நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் தள்ள வேண்டும். பதினோரு வருடமாக அதைச் செய்கிறாள். வயது முப்பத்து மூன்று. சுங்கைப் பட்டாணியில் அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறாள். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "ஸ்டாக் இல்லக்கா, வந்தா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள்.

அவளை நான் முதலில் பார்த்தது கம்பெனி பஸ்ஸில். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு சுங்கைப் பட்டாணியில் கிளம்பி, பாடாங் செராய் வழியாக, ஆறரைக்குத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் பஸ். கடைசி வரிசையில் நாலைந்து பேர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து அங்கே வேலைக்கு வந்திருந்த எனக்கு விசா புதிது. வழியில் போலீஸ் நிறுத்தினால் என்னையும் சேர்த்துப் பிடிப்பார்களோ என்று டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் குழந்தைவேலு அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சூது இல்ல தம்பி, பேய் பிசாசு வெளையாட்டு. காசு கீசு ஒண்ணும் கெடையாது. தோத்தவன் எறங்கும்போது எனக்கு குட்மார்னிங் சொல்லணும், அவ்ளோதான்."

உண்மைதான். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மான்ஸ்டர், அதாவது பூதம். ஆளுக்கு நாற்பது கார்டு கொண்ட ஒரு கட்டு. முதல் சுற்றில் ஒரு சக்தி, இரண்டாம் சுற்றில் இரண்டு என்று சக்தி ஏறிக்கொண்டே போகும். அந்தச் சக்தியைச் செலவழித்துப் பூதத்தை இறக்கி எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். உயிர் தீர்ந்தவர் தோற்றார். பஸ் குலுங்கினால் கார்டு சரியாமல் இருக்க, அலமாரியில் விரிக்கும் ரப்பர் வலையை ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடியில் ஒட்டி மடியில் வைத்திருந்தார்கள். இரண்டே வாரத்தில் நானும் பின்வரிசைக்குப் போய்விட்டேன்.

அந்த வரிசையில் ஷீலாதான் நீதிபதி. புதுக் கார்டு யாருக்குக் கிடைத்தாலும் அது அவள் கைக்குப் போகும். நாலு கேள்வி கேட்பாள். எத்தனாவது சுற்றில் இறங்கும்? இறங்கிய சுற்றிலேயே ஏதாவது செய்யுமா, சும்மா நிற்குமா? செத்தால் நமக்கு என்ன மிஞ்சும்? இதை வைக்க எதை எடுப்பாய்? நாலாவது கேள்வியில்தான் பாதிப் பேர் திணறுவார்கள். நாற்பதுக்கு மேல் ஒரு கார்டுகூட வைக்க முடியாது.

தேறாத கார்டு ஷீலாவின் பழைய மைலோ டின்னுக்குள் போகும். அதுதான் ரிஜெக்ட் டின். கார்டுக்காரரே தன் கையால் போட வேண்டும். போட்டது போட்டதுதான், திரும்பக் கேட்பது மானக்கேடு. யோகேந்திரன் என்ற கிடங்குக்காரன், பத்து மாதம் பாக்கெட் வாங்கிப் பிரித்துக் கிடைத்த ஒரு டிராகனைக் கண் கலங்கியபடி அந்த டின்னில் போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

"யக்கா, இதுக்கு ரெண்டு தலைக்கா!"

"ரெண்டு தலையும் ஏழாவது சுத்துலதான வருது? அதுக்குள்ள உனக்குப் பால் ஊத்தியாச்சு. போடு."

ஜூலையில் அஃபிரா வந்து சேர்ந்தாள். கோத்தா கோலா மூடாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், பயிற்சிப் பொறியாளர். சொந்தக் காடியில், அதாவது காரில் வருவாள், பஸ் கிடையாது. ஆனால் ஷீலாவின் பெயர் எப்படியோ அவள் காதுக்குப் போய், ஒரு மத்தியானம் கேண்டீனில் மூன்று கார்டை மேசையில் வைத்தாள். மூன்றும் ஒரே கார்டு. சேற்றிலிருந்து வாயைப் பிளந்து எழும் முதலை.

"புவாயாக்கா," என்றாள். மலாயில் முதலைக்கு அதுதான் பெயர். பெண்கள் பின்னால் சுற்றுகிறவனையும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால், யோகேந்திரன் உடனே சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"என்னைய யாரு கூப்டா?"

"உன்ன இல்ல. இது ஒழுங்கான புவாயா," என்ற ஷீலா, முதலையின் முகத்தைக் கட்டைவிரலால் மூடினாள். "எறக்க ஆறு சக்தி. அடிச்சா ரெண்டே உயிரு. ஆறு குடுத்து ரெண்டா? செத்தா..." கொஞ்சம் நிறுத்திப் படித்தாள். "செத்தா அடுத்த சுத்துல தானா எந்திரிச்சு வரும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பலம் கூடும். ம். அழகா எழுதியிருக்கான். ஆனா ஆறாவது சுத்துல வந்து, செத்து, எந்திரிச்சு, மறுபடி செத்து... அதுவரைக்கும் யாரும்மா காத்திருப்பா?"

"எங்க வீட்டுல நல்லாத்தான் ஓடுதுக்கா. தம்பியும் நானும் வெளையாடுவோம்."

"தம்பி பாவம் பாத்து வெளையாடுறானோ என்னமோ."

மேசையே சிரித்தது. அஃபிராவும் சிரித்தாள், ஆனால் காது சிவந்துவிட்டது. அது லேசில் கிடைக்கிற கார்டு அல்ல. தம்பியும் அவளும் ஒரு வருடம் பாக்கெட் பிரித்துச் சேர்த்த மூன்று. ஷீலா டின்னைத் திறந்து நீட்டினாள். அஃபிரா ஒவ்வொன்றாகப் போட்டாள்.

ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை, சுங்கைப் பட்டாணியில் கார்டு விற்கும் ஜைனல் பாயின் கடை மாடியில் போட்டி. வடக்குப் பகுதிக்கு அதுதான் வாசல். முதல் பரிசு பணமல்ல, கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் நடக்கும் தேசியப் போட்டியில் ஓர் இடம். ஷீலா ஐந்து வருடமாக அந்த ஓர் இடத்தைத் துரத்திக்கொண்டிருந்தாள். மூன்று முறை அரையிறுதி வரை போனாள். மூன்று முறையும் ஒரே மாதிரித் தோற்றாள்: எதிராளி மூச்சுத் திணறும் நேரத்தில் இவள் கையில் கார்டு தீர்ந்துபோகும். "லக்கு இல்லலா" என்று பஸ்ஸில் எல்லோரும் ஆறுதல் சொல்வோம். ஷீலாவும் அப்படியே நம்பினாள்.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, மழையில் ஷீலா பஸ்ஸை விட்டுவிட்டாள். அஃபிராதான் காடியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வேலைக்கு இன்னும் அரை மணி இருந்தது. கேண்டீனில் நுரை பொங்க ஆற்றிய இரண்டு தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு, "ஒரு ஆட்டம் போடலாமா?" என்று உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கிய நாங்களும் சுற்றி நின்றோம்.

ஷீலா வழக்கம்போல இரண்டு பகடைக் காய்களை எடுத்து, இரண்டிலும் ஆறு மேலே வருமாறு வைத்தாள். அஃபிரா தன் பையிலிருந்து உருண்டையாக, நிறையப் பக்கங்களோடு ஒரு காயை எடுத்து வைத்தாள். மேலே இருபது என்று இருந்தது.

"இங்க எதுக்கு இருபது?" என்றாள் ஷீலா.

"உயிருக்கா. இருபதுலேர்ந்துதான ஆரம்பிக்கணும்? நீங்க ஏன் பன்னண்டு?"

"பஸ்ஸுல நாங்க..." என்று தொடங்கிய ஷீலா, தன் இரண்டு காய்களையும் திரும்பிப் பார்த்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் யோகேந்திரன் பாம்பும் ஏணியும் பெட்டியிலிருந்து இரண்டு காய் கொண்டுவந்தான். உயிரைத் தாளில் எழுதிக் கணக்கு வைக்க பஸ்ஸில் வசதி இல்லை. இரண்டு காயில் காட்ட முடிந்த பெரிய எண் பன்னிரண்டு. பன்னிரண்டில் ஆரம்பித்தால் ஆட்டம் சரியாகத் தொழிற்சாலை வாசலில் முடிந்தது. அதனால் அப்படியே நின்றுவிட்டது. போட்டியில் இருபது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷீலாவே அங்கே இருபதில்தான் ஆடியிருக்கிறாள். ஆனால் அவள் மதிப்புப் போட்ட கார்டுகள் அத்தனையும் பஸ்ஸில், பன்னிரண்டில் ஓட்டிப் பார்த்தவை. பஸ் ஆட்டம் ஐந்தாவது சுற்றிலேயே முடிந்துவிடும். ஆறில் இறங்கும் கார்டு அங்கே பிறக்கும் முன்பே செத்தது. இருபதில் ஆட்டம் ஒன்பது, பத்து சுற்று போகும். ஆறு என்பது அங்கே நடுப்பகல்.

"அளக்குற தராசே சரியில்ல," என்றாள் ஷீலா, யாரிடமும் இல்லாமல். பிறகு யோகேந்திரனைப் பார்த்தாள். "உன் டிராகன்கூட பரவால்லடா."

"பத்து மாசம்க்கா!" என்று யோகேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளுக்கு விடுமுறை. இரண்டு நாளும் அக்கா வீட்டு மாடியில் தன் நாற்பதையும் இருபது உயிரில் ஓட்டிப் பார்த்தாள். எதிராளி இல்லாததால் இரண்டு பக்கமும் அவளே. சாமான் வாங்கிக் கொடுக்கப் போன நானும் யோகேந்திரனும் பார்த்தோம்: பதினோரு கார்டு கட்டுக்கு வெளியே கிடந்தது. எல்லாம் குட்டிக் குட்டி வேகப் பூதங்கள், பஸ்ஸின் செல்லங்கள். இரண்டு தலை டிராகனை உள்ளே வைத்துவிட்டிருந்தாள். நடுவில் மைலோ டின் திறந்து கிடக்க, மூன்று முதலைகளும் தரையில் தனியாக இருந்தன.

"போட்டுப் பாத்தேன்," என்றாள். "தோக்கவே மாட்டேங்குது. சாவடிச்சா எந்திரிக்குது, சாவடிச்சா எந்திரிக்குது."

"அப்றம் என்னக்கா யோசன?" என்றான் யோகேந்திரன். "டின்னுல போட்டது போட்டதுதான். நீங்க வச்ச ரூல்தான? என் டிராகன மட்டும் கேக்காமலே எடுத்து வச்சுக்கிட்டீங்க?"

"அது நீயா பத்து மாசம் சேத்து நீயா அழுதுகிட்டே போட்டது. இது நான் சிரிச்சுப் போட வச்சது."

"கேஎல் வேணுமா வேணாமாக்கா?"

ஷீலா தரைப் பக்கம் குனிந்தாள். மூன்று கார்டையும் எடுத்து, படத்தை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். அந்தக் கார்டை இரண்டு நாளில் வேறெங்கும் வாங்கவும் முடியாது. ஜைனல் பாய்க்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கடை மாடிப்படியில் டின்னோடு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குள் கட்டின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அஃபிரா தம்பியோடு வந்தாள்.

"இந்தா," என்று மூன்று முதலைகளையும் நீட்டினாள் ஷீலா. "நான் சொன்னது தப்பு. நல்ல கார்டு இது. இன்னிக்கு இங்க வர்ற கார்டுலயே நல்ல கார்டு."

அஃபிரா கையை நீட்டவில்லை. "டின்னுல போட்டா திரும்ப வாங்கக் கூடாதுன்னாங்களேக்கா?"

"வாங்கக் கூடாது. குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

"நீங்க போடலாமேக்கா. நீங்கதான் அஞ்சு வருசமா..."

"சீக்கிரம் பிடி, மனசு மாறிரும்லா!"

அஃபிரா வாங்கிக்கொண்டாள். "இத வைக்க எத எடுக்கட்டும்?"

"அத நீ பாரு. நான் பன்னண்டுல பாத்தவ."

அன்றைக்கு ஷீலா ஆடியதைப் போல் நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அவசரமே இல்லை. அரையிறுதியில் பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு சீனப் பையன் வேகமாக அடித்து ஏழாவது சுற்றில் களைத்துப்போனான். அப்போது இரண்டு தலை டிராகன் இறங்கியது. யோகேந்திரன் கத்திய கத்தலுக்கு ஜைனல் பாய் அவனை இரண்டு படி கீழே இறக்கி நிற்க வைத்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக ஷீலா இறுதி ஆட்டத்துக்குப் போனாள்.

எதிரே அஃபிரா.

ஐந்தாவது சுற்று வரை ஷீலாவின் கை ஓங்கியிருந்தது. ஆறாவதில் அஃபிரா ஒரு கார்டை எடுத்தாள். ஷீலா அதன் பின்புறத்தைப் பார்த்தே தலையாட்டினாள்.

"போடு போடு. எனக்குத் தெரியும் அது யாருன்னு."

முதலை இறங்கியது. ஷீலா கொன்றாள். எழுந்து நாலாக அடித்தது. டிராகனைப் பலி கொடுத்து மறுபடி கொன்றாள். மறுபடி எழுந்தது, இனி அடித்தால் ஆறு. ஷீலாவிடம் ஐந்து உயிர்தான் மிச்சம். கையிலிருந்த இரண்டு கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அவற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் கிடந்த முதலையை முதல் தடவையாகக் கட்டைவிரல் இல்லாமல் முழுசாகப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு, சனியன்," என்று சொல்லிக் கை கொடுத்தாள்.

கோலாலம்பூருக்கு அஃபிரா போகிறாள். ஷீலா கழிப்பறைக்குப் போய்விட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள், முகம் கழுவியிருந்தது. அவள் சரியாகச் சொன்ன தீர்ப்பு அவளையே தோற்கடித்திருந்தது. எல்லோருமாகப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் குழந்தைவேலு அண்ணன் கண்ணாடியில் கேட்டார். "என்ன ஷீலா, கேஎல்லா?"

"இல்லண்ணே. தோத்தாச்சு. குட்மார்னிங்."

பின்வரிசையில் ரப்பர் வலை போட்ட மூடியை மடியில் வைத்தாள். பழைய பகடை இரண்டையும் யோகேந்திரனின் சட்டைப் பையில் போட்டாள். அக்கா மகளிடமிருந்து வாங்கி வந்த குட்டி நோட்டு ஒன்றைத் திறந்து, இரண்டு பக்கமும் இருபது என்று எழுதினாள்.

"பஸ் நேரம் பத்தாதுக்கா," என்றான் யோகேந்திரன். "பாதியிலயே ஃபேக்டரி கேட்டு வந்துரும்."

"வந்தா வரட்டும். எழுதி வச்சிட்டு மத்தியானம் கேண்டீன்ல முடிப்போம். அஃபிராவும் இருப்பா, அவளும் கேஎல்லுக்குப் பழகணும்." மைலோ டின்னைத் திறந்து மூடியின் மேல் கவிழ்த்தாள். ஆறு வருடத்து ரிஜெக்ட்டுகள் குவிந்தன. "மொதல்ல இதையெல்லாம் மறுபடி பாக்கணும். நீ போட்டது எது, எடு."

பாடாங் செராய் நிறுத்தத்தில் பஸ் குலுங்கி நின்றது. ஒரு கார்டுகூடச் சரியவில்லை. ஷீலா முதல் கார்டை எடுத்து, படத்தைக் கட்டைவிரலால் மூடினாள்.