மகளின் இடத்தை விற்ற ராசப்பன்

ராசப்பனுக்கு வேலை என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. வெள்ளைச் சட்டை இருந்தது. அவர் மனைவி சுப்பாத்தாள் பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங் மேசையில் நின்றாள். அந்தச் சட்டைக்குச் சோப்பு வாங்கியது அவள்தான்.

சுப்பாத்தாளின் அப்பா சாகும் முன் முதலிபாளையத்தில் ஐந்து சென்ட் இடத்தைப் பேத்தி ராமாத்தாள் பெயருக்கு எழுதிவைத்தார். மருமகன் கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் எண்ணம். பாவம், மைனருக்கு முதல் கார்டியன் அப்பன் என்பது அவருக்குத் தெரியாது. ராசப்பனுக்குத் தெரிந்திருந்தது. சட்டத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வரி அது.

1988இல் அந்தப் பக்கம் விலை ஏறியதும் இடத்தை நாச்சிமுத்து என்பவருக்கு விற்றார்.

"ஏனுங்க, அது எங்கப்பன் புள்ளைக்குக் குடுத்ததுங்க."

"நாந்தான் கார்டியன். நீ பெத்தவ, அவ்வளவுதான்."

பதிமூன்று வயது மகளுக்காக, கோர்ட்டில் அனுமதி கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு மொபெட் வாங்கினார். அதே மாதம் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அந்த மொபெட்டிலேயே எங்கள் கம்பெனிக்குக் கூட்டி வந்தார். சின்னப் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்றார் மேனேஜர். மறுநாள், பதினெட்டு வயது என்று ஒரு டாக்டர் எழுதிய சர்டிபிகேட் வந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் படித்தார்.

ராமாத்தாளுக்கு நிஜமாகவே பதினெட்டு முடிந்ததும், இடத்தைக் கேட்டு வழக்குப் போட்டாள். அனுமதியில்லாத விற்பனை செல்லாது, ஆனால் மேஜரான மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நாச்சிமுத்து, கம்பெனியில் கொடுத்த அந்த டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்துவந்து, 1988லேயே அவள் மேஜர், கெடு தாண்டிவிட்டது என்றார். அதற்குச் சாட்சி, பெற்ற அப்பன்.

"அப்பவே மேஜர்னா நீங்க ஏன் கார்டியன்னு கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் ராமாத்தாளின் வக்கீல்.

ராசப்பன் கைகட்டிச் சொன்னார்: "கம்பெனிக்குப் பதினெட்டுங்க சாமி. கிரயத்துக்குப் பதிமூணுங்க."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. "பெத்த அப்பனுக்கு எத்தனை? இப்ப உங்க மகளுக்கு என்ன வயசு?"

ராசப்பன் திரும்பிச் சுப்பாத்தாளைப் பார்த்தார்.

"மாசி வந்தா இருபதுங்க," என்றாள் அவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

தீர்ப்பு ராமாத்தாள் பக்கம் வந்தது. நாச்சிமுத்து அந்த இடத்தில் அடுக்கியிருந்த சாயப் பீப்பாய்களை அள்ளிக்கொண்டு போனார். ராமாத்தாள் அந்த வாரமே சுற்றுச்சுவருக்குக் கல் இறக்கினாள்.

ராசப்பன் டீக்கடையில், "நான் உண்மையச் சொல்லப்போயித்தானுங்க புள்ளைக்கு எடம் திரும்புச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் நாலு பேர் நம்பினார்கள்.