சடங்குக்கு எடுத்த புடவை

அக்கா மகள் பெரியவளான சேதியைச் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்த ஆள் சொல்லிவிட்டுப் போனார். கடலூர் முதுநகரில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது.

எனக்கு அக்கா ஒருத்திதான். அம்மா, அப்பா இல்லை. எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். சடங்கன்று தண்ணீர் ஊற்றியதும் பெண் கட்டுகிற முதல் புடவை மாமன் எடுத்ததாக இருக்க வேண்டும். மற்றவர்கள் எதை வைத்தாலும் அதற்குப் பிறகுதான்.

அக்காவின் நாத்தனார் ஒவ்வொரு விசேஷத்திலும், "உனக்குப் பொறந்த வூட்லேருந்து யாரு வரப்போறா" என்று கேட்பவள். அன்று ஒரு நாளாவது அந்த வாய் அடங்க வேண்டும் என்று அக்கா இருந்தாள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஜவுளிக் கடைக்குத் தனியாகப் போனேன்.

"வூட்டுப் பொம்பளைங்க வரலியா?" என்றார் கடைக்காரர்.

"வரல."

"யாருக்கு எடுக்கறீங்க?"

"அக்கா பொண்ணுக்கு."

மெலிசான பட்டு இரண்டு பிரித்துப் போட்டார். எனக்குக் கண்ணில் நிற்கவில்லை. மேல் தட்டில் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டு ஒன்று இருந்தது. பார்த்தவுடன் நல்ல புடவை என்று தெரிந்தது. கையைக் காட்டினேன்.

"ஓ, அதுவா? நாள் குறிச்சாச்சா?"

"ஞாயித்துக்கெழம."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே மஞ்சள், குங்குமம் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமையே சிதம்பரம் போய் விட்டேன். பெண் உட்காரப் பச்சை ஓலையில் குடிசை நான்தான் கட்டினேன். மறுநாள் தண்ணீர் ஊற்றி முடித்து, பெண் ஓலைக்குப் பின்னால் ஈரத்தோடு நின்றாள். தட்டு வரிசையைச் சபையில் வைத்தேன். பழம், தேங்காய், வளையல், பூ, புடவை. நாத்தனார்தான் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அடியே, கூறைப்பொடவடி இது!"

பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு கிளம்பியது.

"மாமனுக்கு என்னா அவசரம்! மடியில தாலியும் இருக்கும், பாருங்கடி!"

கூறை என்பது தாலி கட்டும்போது பெண் உடுத்துகிற புடவை. பெண்களுக்குக் கட்டத்தைப் பார்த்தாலே தெரியும். நான் போன கல்யாணங்களில் எல்லாம் அடுப்பங்கரைப் பக்கம் தண்ணீர் தூக்கிக்கொண்டு இருந்தவன். மணவறையில் யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்ததே இல்லை. எங்களில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம்தான். நான் அப்படி நினைத்ததில்லை.

அக்கா புருஷன் பந்தலிலிருந்து வந்தார்.

"என்னா மச்சான், பொண்ணு கேக்கறியா? கேக்கறதுன்னா எங்கிட்ட வாயத் தொறந்து கேளு. நாலு பேருக்கு முன்னால பொடவைய வெச்சிட்டு நின்னா என்னா அர்த்தம்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஓலைக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். மாமனே சபையில் வேண்டாம் என்று சொன்ன பெண் என்று பேர் வந்துவிடும். ஆமாம் என்றும் சொல்ல முடியாது. தோளில் போட்டுத் தூங்க வைத்த பிள்ளை.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சத்தமாகச் சிரித்தாள்.

"அட, நீங்க ஒண்ணுங்க! அது எனக்கு. எங்கூறை நைஞ்சு போச்சுடா, ஒண்ணு எடுத்துக் குடுன்னு நான்தான் கேட்டிருந்தேன். ஏன்டா, பொண்ணுக்கு எடுத்தது எங்க?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"வூட்லயே வெச்சிட்டேன்க்கா. மறந்துட்டேன்."

சபையே சிரித்தது. அக்கா புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். கோபம் போய் விட்டது.

"தாய்மாமன் சீரையே மறந்துட்டு வந்தவர இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள் நாத்தனார். "நல்லவேள, அத்தக்காரி நான் இருக்கேன்." தான் கொண்டு வந்த பச்சைப் புடவையை எடுத்து நீட்டினாள். அதை வாங்கி மகளுக்குக் கட்டி விட்டவள் அக்காதான். முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றடியில் சொன்னாள்:

"ஒரு வார்த்த சொல்லி வுட்டிருந்தா நான் வந்து எடுத்திருப்பேனேடா. கடலூரு என்னா காசியா?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தக் கூறையை உடுத்தியும் நான் பார்க்கவில்லை. நாத்தனார் மட்டும் எந்த விசேஷம் ஆனாலும் பேசினாள். மறதி மாமன் என்று எனக்குப் பேர் வைத்தாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பரிமாறிக்கொண்டிருப்பாள்.

சில வருஷம் கழித்துப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வெளியூர். அக்கா புருஷன் முன்னாடியே சொல்லி விட்டார்: "நீ வந்து நின்னா போதும் மச்சான். மாமன் பொடவையையும் நாங்களே எடுத்துக்கறோம். நீ பாட்டுக்கு எங்கயாச்சும் வெச்சிட்டு வந்துடுவ." கேலியாகத்தான் சொன்னார். நான் சரி என்றேன்.

புறப்படும்போது பெண் என் காலில் விழுந்து எழுந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நெசமாலுமே மறந்துட்டீங்களா?"

அக்கா அவளுக்குப் பின்னால் நின்றாள். என்னையே பார்த்தாள்.

"ஆமாம்மா."

"எனக்கு எடுத்திருந்தீங்களே, அது என்னா கலரு?"

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஊதா."

"ஊதா எனக்கு ரொம்பப் புடிக்கும் மாமா" என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.